கடல் பக்கக் கதவு

செம்பருத்தி இலைகள் வெளுத்திருந்தன. கடற்கரை நடைபாதையை ஒட்டிய பூங்காவில் உப்புக் காற்றுக்குத் தப்பிய செடி ஏது? அதற்காகத்தான் தோட்டக்காரி தினமும் மாலையில் குழாயும் கையுமாக நின்று இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவாள். ஆனால் உப்பு எப்போதும் கடல் பக்க வேலியைத்தான் முதலில் தின்னும். அந்த வேலி பச்சைப் பசேலென்று நின்றது. வெளுத்திருந்ததோ உள்ளே, சாலைப் பக்கச் சுவரின் மறைவில், காற்றே படாத செம்பருத்தி. ஓர் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பேதான்.

"தொட்டித் தண்ணி உப்பாயிருக்கும், கழுவச் சொல்றேன்" என்றார் மேற்பார்வையாளர். "ஒரு செடி போனா இன்னொண்ணு வைப்போம். அதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியே!"

அவளும் சிரித்து வைத்தாள். தொட்டித் தண்ணீரை ஏற்கெனவே குடித்துப் பார்த்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் உப்பு நகர்ந்தது. செம்பருத்தியிலிருந்து அரளிக்கு, அரளியிலிருந்து ஊஞ்சலுக்கு, ஓர் ஆள் நடக்கும் அகலத்தில், புல்லைப் பொசுக்கிக்கொண்டே வந்தது. பத்தாம் நாள் பச்சை பெஞ்சின் காலடியில் நின்றது. அது அவள் மகளின் பெஞ்சு. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு அவளுக்கு உலகமே இந்த எட்டு வயது வாலுதான். பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து, பூங்கா பூட்டும்வரை வீட்டுப்பாடம் எழுதுவாள். பூட்டும் நேரத்தில் அம்மாவின் விசில் கேட்டால் எங்கே இருந்தாலும் எழுந்து, திறந்திருக்கிற கதவுக்கு வெளியே போய் அம்மாவுக்காக நிற்க வேண்டும். நடை பழகிய நாளிலேயே பழக்கிவிட்டிருந்தாள்.

அன்று மாலை கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. வாலு பெஞ்சின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பலகை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டி இப்படி ஓரத்துல தொத்திக்கிட்டு இருக்கே? விழுந்து வைக்கப் போறே."

"நான் என்ன பண்றது? தள்ளி உக்காரு, தள்ளி உக்காருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

"யாரு?"

"அன்னிக்கு நீ கூப்பிட்டியேம்மா, அது" என்றாள் வாலு, நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

தோட்டக்காரி மோட்டார் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மோட்டார் அறைக் கதவில் ஒரு பலகை உண்டு: முதலில் கடல் பக்கக் கதவைப் பூட்டவும், பிறகு விசில், கடைசியில் சாலைக் கதவு. காரணம் எழுதியிருக்கவில்லை. ஏதோ திருட்டுப் பயம் என்று நினைத்திருந்தாள். போன மாதம் ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அந்தப் பதற்றத்தில் சாலைக் கதவை முதலில் பூட்டிவிட்டாள். பிறகு கடல் பக்கக் கதவில், மணலைப் பார்த்து நின்று விசில் ஊதி, "வாங்க, வாங்க, நேரமாச்சு!" என்று கத்தினாள். மணலில் யாருமே இல்லை. ஈரமாக ஒரு காற்று மட்டும் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவளும் பூட்டிவிட்டாள். அன்றிலிருந்து தினம் தினம், தன் கையாலேயே, அதை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கூப்பிட்டவள்தானே அனுப்பவும் வேண்டும்?

மகளைத் தரதரவென்று இழுத்துப் போய் மோட்டார் அறையில் விட்டாள். "நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வராதே, கண்ணு."

சாலைக் கதவைப் பூட்டினாள். கடல் பக்கக் கம்பிக் கதவை அகலத் திறந்தாள். கீழே மணலுக்கு இறங்கும் படிகளில் கடைசி மூன்றை அலை விழுங்கியிருந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பூங்காவைப் பார்த்து விசிலை ஊதினாள். "எல்லாரும் வெளிய போங்க!" கண்களை இறுக மூடிக்கொண்டாள். பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

சரளைக்கல்லில் காலடிச் சத்தம். வந்தது. அவளைக் கடந்தது. படியில் இறங்கியது.

லேசான காலடி. இத்தனை பயத்துக்கும் இவ்வளவு சின்னக் கால்தானா என்று நினைத்தாள். சட்டென்று கதவைச் சாத்திப் பூட்டினாள்.

அப்பாடா என்றிருந்தது. ஓடினாள். மோட்டார் அறையின் இருட்டில், சுவரைப் பார்த்தபடி, குட்டியாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

"போயிடுச்சு, தங்கம். வா, வீட்டுக்குப் போலாம்."

கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. விரல்களுக்கிடையே மணல் நெறுநெறுத்தது.

"அம்மா!" குரல் அங்கிருந்து வரவில்லை. கடல் பக்கமிருந்து வந்தது. "விசில் அடிச்சே, நான் வந்துட்டேன். ஏம்மா கதவைப் பூட்டினே? தண்ணி மேல வருதும்மா!"

உதறினாள். கை விடவில்லை. இழுத்தாள். இழுபட்டது அவள்தான். அலறப் பார்த்தாள், தொண்டையில் உப்பு. விசிலை வாயில் வைத்து மூச்செல்லாம் திரட்டி ஊதினாள். அதன் துளையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பச்சை பெஞ்சு. ஈரப் பலகை. அது அவளை உட்கார வைத்தது. தானும் பக்கத்தில் உட்கார்ந்தது.

"தள்ளி உக்காரு" என்றது, மகளின் குரலிலேயே.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கதவு பத்தடி தூரம்.

பனியினூடே கம்பிகள் தெரிந்தன. கம்பிகளைப் பற்றிய பத்துச் சின்ன விரல்கள் தெரிந்தன. அலை ஒன்று எழுந்து கதவையே மறைத்தது. இறங்கியது. கூப்பிடும் குரல் நின்றிருந்தது.

விரல்கள் மட்டும் அப்படியே கம்பியைப் பிடித்திருந்தன. நகத்திலிருந்து மணிக்கட்டுவரை, வெள்ளை வெளேரென்று, உப்பாக.