மறுகரையில் நீலக் கன்வாஸ்

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி!

லோரிக்கார ரவிச்சந்திரனுக்குக் குத்தகையாளர் குணாளன் கொடுக்க வேண்டிய மூன்று மாத லோரி வாடகை.

கொடுக்கவில்லை.

அதற்குப் பதிலாகப் பெரிய ஸ்பேனரால் மண்டையில் கொடுத்தான்.

'சத்!'

பழுத்த செம்பனைக் குலை விழுகிற மாதிரி ரவிச்சந்திரன் விழுந்தான். கை மட்டும் மண்ணைப் பிறாண்டியது...

"காசு குடுக்கலேன்னா சுற்றுச்சூழல் ஆபீசுக்குப் போயி சொல்லுவியா? போ லா... இப்பப் போ!"

இன்னொரு அடி.

கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சைட்டில் ஈ காக்கா இல்லை.

மந்தினுக்கு அப்பால், எஸ்டேட்டை ஒட்டிய பழைய ஈய லம்பம் அது. ஈயம் தோண்டித் தீர்ந்த பிறகு சேறும் தண்ணீருமாகக் கிடந்த பள்ளம். அதை நல்ல மண் போட்டு மூடி, மரம் நட்டுக் காடாக்கித் தரவேண்டும் என்பது குத்தகை.

குணாளன் போட்டது நல்ல மண் இல்லை. ஃபேக்டரிக் கழிவு! நட்ட கன்றெல்லாம் மூன்றே நாளில் கருகியது. ஏன் கருகியது என்று, கொண்டுவந்து கொட்டிய ரவிச்சந்திரனுக்குத் தெரியும்.

தெரிந்தவனை நீலக் கன்வாஸில் சுருட்டி, சங்கிலி சுற்றி, சேற்றுக்குள் உருட்டிவிட்டான்.

சேறு 'களக்' என்று விழுங்கியது.

புதன்கிழமை காலை பத்து மணி.

ரவிச்சந்திரனின் மனைவி விமலா சைட் ஆபீசுக்குள் புகுந்தாள்.

"எங்க என் புருசன்?"

"என்னையக் கேட்டா? ஹாட்யாய் பக்கம் ஓடிட்டான். சயாம்காரி ஒருத்தி இருக்காளாம்ல."

"பையில அம்பது வெள்ளி இல்லாதவனுக்கு எந்தச் சயாம்காரி வருவா? நீ காசு குடுத்திருந்தாத்தானே ஓடறதுக்கு!"

'பளார்!'

உதடு கிழிந்தது. இரத்தத்தை அவன் சட்டையிலேயே துப்பினாள் விமலா. குணாளன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, வாசல் படியில் தள்ளினான்.

வெளியே ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர் மகிந்தன். நாளைக்கு இங்கே மரம் நட ஒய்பி, தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், வருகிறார். பாதுகாப்புப் பார்க்க வந்தவர்.

"இடறி விழுந்திருச்சு, துவான்," என்றான் குணாளன்.

"சார்! இந்தச் சேத்துக்குள்ளதான் போட்டிருப்பான்! சாயங்காலத்துக்குள்ள மூடிடுவாங்க. அப்புறம் எங்க போயித் தேடுவேன்?"

"பொணமும் இல்ல, சாட்சியும் இல்ல. நீ சொல்றேங்கிறதுக்காக லம்பத்தையே தோண்ட முடியுமாம்மா?"

அவளைத் தூக்கி நிறுத்தியது ஒரு முரட்டுக் கை. எஸ்கவேட்டர் ஓட்டுகிற மகேந்திரன்.

"என் மெசினை மூடற நீலக் கன்வாஸ் ஞாயித்துக்கெழமையிலேர்ந்து காணோம், தங்கச்சி. சங்கிலியும் காணோம்."

"அண்ணே...!"

"மெதுவா. கிழக்குக் கரையில போயி நில்லு. என்னைய நம்பு."

"டேய் மகேந்திரா! அங்க என்னடா கோயில் கூட்டமா போடறே? நேத்தே சொன்னேன்ல, மேற்குக் கரையிலேர்ந்து தள்ளு. இருவது லோரி மண்ணையும் ஒரே எடத்துல!"

"அப்பிடிப் போடக் கூடாது, பாஸ். மெல்லிசாப் பரப்பணும். சேத்த இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் எழும்பும்."

பூட்ஸ் கால் மகேந்திரனின் விலாவில் இறங்கியது.

"நீ டிரைவரா, இஞ்சினியரா?"

"டிரைவர்தான், பாஸ்..."

எஸ்கவேட்டர் உறுமியது. மண் மலையாகச் சரிந்தது.

மணி பன்னிரண்டு.

கிழக்குக் கரையில் சேறு உப்பியது... சினை மாட்டு வயிறு மாதிரி உப்பியது...

வெடித்தது!

பழைய குழாய் ஒன்று வந்தது. மக்கிய கிளை வந்தது.

பிறகு... நீலக் கன்வாஸ் சுருட்டு!

"ஐயோ... என்னங்க!" விமலாவின் அலறலில் கரையே அதிர்ந்தது.

குணாளன் காருக்கு ஓடினான். குறுக்கு வழியில், புதிதாகக் கொட்டிய மண்மேல்!

மண் பிளந்தது. இடுப்பு வரை இறங்கினான். அடுத்த நிமிடம் மார்பு வரை.

அவன் தலைக்கு மேல் எஸ்கவேட்டரின் இரும்பு வாய் வந்து நின்றது.

"தூக்குடா!"

"எதுக்கு பாஸ் ஓடினீங்க?"

"டேய்... மகேந்திரா...!"

இரும்புப் பல் அவன் தோளில் இறங்கியது. 'படக்!' தோள் எலும்பு முறிந்தது.

"நான்தான்டா! ஸ்பேனரால ரெண்டு அடி... சங்கிலி சுத்தி மேற்குக் கரையில, பம்பு பக்கத்துல தள்ளினேன்! தூக்குடா, பாவி!"

"தூக்கு," என்றார் கரையில் நின்ற இன்ஸ்பெக்டர். அவர் முகம் வெளுத்திருந்தது. சேறு ஒழுக வந்தவனுக்கு விலங்கு மாட்டிவிட்டு, கன்வாஸைக் கத்தியால் கிழித்தார்.

உள்ளே...

செம்பனை மட்டைகள்!

"எ... எங்க அவன்?" குணாளனின் வாய் கோணியது.

"இது நேத்து நான் மந்தின் கடையில வாங்கின கன்வாஸ், பாஸ். விடியக்காலையில நான்தான் கிழக்குக் கரையில அமுக்கி வச்சேன். ஆளு எங்க கெடக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே!"

பம்ப் பக்கத்தில் தோண்டினார்கள். மூன்று மணிக்கு ரவிச்சந்திரன் கிடைத்தான்.

விமலா பார்த்தாள். அழவில்லை. கன்று நட வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். இன்ஸ்பெக்டர் திரும்புவதற்குள் அதன் கட்டை குணாளனின் வாயில் இறங்கியது.

நான்கு பற்கள் சிதறின!

"ஏம்மா! விடு!"

"காசு... தந்துர்றேன்..." குழறினான் குணாளன், இரத்தம் வழிய.

விமலா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"வேணாம், பாஸ். எட்டாயிரத்து அறுநூத்தி நாப்பதையும் தள்ளுபடி பண்ணிட்டேன். பல்லு கட்டணும்ல... வச்சிக்குங்க!"