வரேன்னு சொன்ன இடமெல்லாம்

பூட்டியிருந்த அறைக்குள் சோப்பு ஈரமாக இருந்தது. விடியற்காலையில் குளித்துவிட்டுக் கிளம்பியவன் வெயில் தாழ்ந்துதான் திரும்பியிருந்தான். அதற்குள் அது காய்ந்து வெடித்திருக்க வேண்டும். பெருக்க வந்தவர்கள் கை கழுவியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கடைகளின் எடை மெஷின்களைச் சரிபார்க்கிற மெக்கானிக் அவன். சுற்றிலும் எட்டு ஊர், எல்லாவற்றுக்கும் இங்கிருந்து பஸ் உண்டு என்றுதான் இந்தச் சின்ன ஊர் லாட்ஜில் ஒரு வாரத்துக்கு அறை போட்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் லாட்ஜ் மேனேஜர் அவனைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"என்ன சார், இப்பத்தானே சாவி வாங்கிட்டு மேலே போனீங்க? வரேன்னு சொன்னீங்க, வந்தீங்க..."

வரேன். 'போறேன்' என்று சொன்னால் அவன் மனைவிக்குப் பொல்லாத கோபம் வரும். வாசலிலேயே நிறுத்தி, "வரேன்னு சொல்லுங்க" என்று சொல்லவைத்துத்தான் விடுவாள். அது நாக்கிலேயே ஊறிப்போய், எந்தக் கடைப்படி இறங்கினாலும் அதைத்தான் சொல்வான்.

மேலே ஓடினான். அறையில் யாரும் இல்லை. படுக்கை விரிப்பில் ஆள் உட்கார்ந்த பள்ளம். தொட்டான். சூடு.

மூன்றாம் நாள் மதியம், போன மாதம் வேலை பார்த்த கடையில் ஏறினான். முதலாளி சிரித்தார்.

"மறுபடியுமா? மெஷினைக் காலையிலதானே பார்த்தீங்க. போன தடவை கிளம்பறப்ப அடுத்த மாசம் வரேன்னீங்க, சொன்னபடி காலையிலேயே வந்துட்டீங்களே."

வேறு எங்கெல்லாம் சொன்னோம்? கடைகள். லாட்ஜ். அப்புறம்... ஐயோ, வீடு. கிளம்பும்போது மகள் கன்னத்தைக் கிள்ளிச் சொல்லியிருந்தான். வரேன்டா செல்லம்.

பையை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில் தொற்றினான். வீட்டுக்கு நாலு மணி நேரம். போன் போட்டான்.

"ஏங்க, உங்க போன் கிடைச்சிருச்சு!" மனைவி யாரிடமோ கத்தினாள். "தொலைச்சிட்டேன்னீங்களே, யாரோ எடுத்துப் பேசறாங்க."

"நான்தான்டி! பாப்பாவைத் தூக்கிட்டு வெளியே ஓடு!"

"யாருங்க நீங்க? அவர் இங்கதானே இருக்கார்."

"யாரும்மா அது?" அவன் குரல். அச்சு அசல் அவன் குரல். "நீ பேசிட்டு இரு. நான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"ஐய, போறேன்னு சொல்லாதீங்க," என்றாள் அவள். "வரேன்னு சொல்லுங்க."

பதில் இல்லை. கேட் தாழ்ப்பாள் விலகியது. செருப்புச் சத்தம். பெரியதாக ஒரு ஜோடி, பக்கத்தில் சின்னதாக ஒரு ஜோடி.