ஆறாம் படுக்கையின் மணி

மணிப் பலகையில் ஆறாம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எரியக் கூடாது. நோயாளிகளின் அழைப்பு மணிகளை இயக்கும் கணினியை மேம்படுத்துவதற்காக, மதியமே அவன்தான் எல்லா மணிகளையும் நிறுத்தியிருந்தான்.

ஆறாம் படுக்கையில் இருப்பது அவனுடைய அம்மா.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "சார், அம்மா தண்ணி கேக்குறாங்க. நான் குடுத்தா வேணாமாம், பையன்தான் வரணுமாம். அந்தப் பொட்டியக் கொஞ்சுறதுல பாதி அவங்களையும் கொஞ்சலாம்ல?"

"கம்பைல் ஓடுது சிஸ்டர். முடிஞ்சதும் வரேன்னு சொல்லுங்க."

ஓடத்தான் செய்தது. அவன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். மூல நிரலிலிருந்து புதிய இயங்குதளம் வரிவரியாக உருவாகித் திரையில் ஏறிக்கொண்டே போக, விசிறியின் இரைச்சலுக்கும் சூடேறிய தூசியின் வாசனைக்கும் நடுவே, வராந்தாவின் கடைசி அறையிலிருந்து யாரோ உலர்ந்த தொண்டையைச் செருமுவது கேட்டது. பத்தடி தூரம். அவன் எழவில்லை.

நடுவே, கணினியின் வட்டில் இடமில்லை என்று வேலை நின்றது. பாதுகாப்புக்காக எடுத்துவைத்த பழைய நகலை அழித்தான். இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை.

கடைசி வேலை, பழைய கோப்புகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு எது வேண்டுமென்று சொல்வது. ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டிய இடம். அவனுக்கு அலுத்துவிட்டது. புதியது. புதியது. புதியது. திரையில் ஒரு வரி வந்து நின்றது: ஆறாம் படுக்கை, அம்மாவின் பெயர். அவளைச் சேர்த்த அன்று அவசரத்தில் அவனே கையால் எழுதிய வரி. வலப்பக்கம், புதிய கோப்பில், அந்த இடம் வெறுமை.

கண் பார்த்தது. விரல் முந்திக்கொண்டது.

புதியது.

ஆறாம் விளக்கு அணைந்தது. செருமல் நின்றது.

ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். சிஸ்டர் எதிரே வந்தாள்.

"யாருக்கு சார் தண்ணி?"

"அம்மாவுக்கு."

"எந்த அம்மா?" பரிவாகச் சிரித்தாள். "காலையிலேர்ந்து உக்காந்தே இருக்கீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. ஆறு காலியாத்தானே கெடக்கு. புது பேஷண்ட் வராரு."

ஓடினான்.

இழுத்துக் கட்டிய வெள்ளை விரிப்பு. அதன் நடுவே, ஒடுங்கிய உடம்பின் அளவுக்கு ஒரு பள்ளம். தலையணையோரம், கம்பியின் நுனியில் மணிப் பொத்தான். தொட யாருமில்லை. பொத்தான் தானாக அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது.

பள்ளத்தின் மேல் கை வைத்தான். சூடு. அவ்வளவுதான். கை விரிப்பைத்தான் தொட்டது.

தள்ளுவண்டி உள்ளே வந்தது. அதில் கனத்த உடம்புக்காரர் ஒருவர், மயக்கத்தில். இரண்டு வார்டு ஊழியர்கள்.

"வழி விடுங்க சார்."

"இருங்க! அங்க ஆள் இருக்கு!"

"யாரு சார்? பேரச் சொல்லுங்க."

வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. அந்த இடம் வெறுமை.

"பாவம், சாருக்கு முடியல போல," என்றான் ஒருவன். மற்றவன் அவன் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கி ஜன்னலோரம் வைத்தான். இருவரும் தள்ளுவண்டியின் விரிப்பை இரு முனைகளிலும் பிடித்துக் கனத்தவரைத் தூக்கினார்கள்.

பொத்தான் துடித்தது. வேகமாக. இன்னும் வேகமாக.

இறக்கினார்கள்.

பொத்தான் ஒருமுறை அடிவரை அமுங்கியது. அப்படியே நின்றது.