நாலு நிமிஷ நிழல்

உலகத்தின் மகத்தான காதல்கள் அனைத்தும் சூரியனைச் சாட்சியாக வைத்துத் தொடங்கியவை. தட்சணாமூர்த்தியின் காதலும் அப்படித்தான் தொடங்கியது. என்ன, சாட்சி சொல்ல வந்த சூரியனுக்குக் குறுக்கே அவனே நின்றுகொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு, மாசி மாதம், காலை பத்து மணி. திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் அவனை மரக்காணத்தில் உதறிவிட்டுப் போனது. கையில் தோல் பை. சட்டைப் பையில் ‘டெக்னிக்கல் ரெப்ரசென்டேட்டிவ்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த கார்டுகள். நெற்றிக்கு மேலே தேங்காய் எண்ணெயும் சீப்பும் சேர்ந்து அரை மணி நேரம் பாடுபட்டுக் கட்டிய குருவிக்கூடு. மெட்ராஸில் இருந்த அவனுடைய கம்பெனி, கட்டடப் பிளான்களைப் பாய் அகலத்துக்குப் பிரதி எடுக்கும் அமோனியா பிரிண்ட் மெஷின்களை விற்றது. மெட்ராஸின் ஆர்க்கிடெக்டுகளையும் பெரிய என்ஜினீயர்களையும் சீனியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் கிடந்த கடற்கரையை இவனுக்குத் தள்ளிவிட்டார்கள். எட்டு மாதத்தில் அவன் விற்றது ஒன்றுமில்லை. “ஆடி பொறக்கறதுக்குள்ள ஒண்ணாவது வித்துட்டு வா… இல்லன்னா பையைக் குடுத்துட்டுப் போ” என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

காசிலிங்கம் கான்ட்ராக்டரின் ஆபீஸ் வாசலில் ‘என்ஜினீயர்ஸ் அண்ட் பில்டர்ஸ்’ என்று போர்டு தொங்கியது. என்ஜினீயர்கள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும் உள்ளே ஒருமையில்கூட ஒருவரும் இல்லை. அவன் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

அங்கேதான் அவள்…

சுவரில் சாய்த்த கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியின் ஓரம் உட்கார்ந்திருந்தாள். சட்டத்துக்குள் மெல்லிய துணியில் வரைந்த பிளான், அதற்கு அடியில் வெயில் பட்டால் நிறம் மாறும் காகிதம். நாலு நிமிஷம் வெயில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால், மை மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்க, நீலத்தில் வெள்ளைக் கோடாகப் பிரிண்ட் எழும்பும். மெஷின் இல்லாத ஊர்களில் சூரியன்தான் மெஷின். அவனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை. சுவருக்கு அப்பால் உப்பளம் கண்ணைக் குத்தும் வெள்ளையாய் விரிந்து கிடந்தது. அந்த வெளிச்சத்துக்கு எதிரே அவளுடைய இமைகள்… குனிந்தே இருந்த அந்தப் பெரிய இமைகள்… அவை ஒரு தரம் நிமிராதா என்று அவன் காத்து நின்றான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக நின்றதே இல்லை.

ஒருவழியாக இமைகள் நிமிர்ந்தன. கண்கள் சிவந்திருந்தன, உப்பளத்துக்காரர்களின் கண்களைப் போல. அவை பார்த்தது அவனை அல்ல, சட்டத்தை.

“தள்ளி நில்லுங்க சார்… நெழலு விழுது.”

“இப்பத்தாங்க வந்தேன்…” என்று அவன் புளுகினான்.

அவள் காகிதத்தை உருவித் தொட்டியில் அலசினாள். பிரம்மதேசம் ரோட்டுக் கிணற்றிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த நல்ல தண்ணீர் அது. ஊர்த் தண்ணீரில் அலசினால் உப்புப் பூத்துவிடும். நீலம் எழும்பியது. அவள் அதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், சட்டென்று சுருட்டி வைத்துவிட்டாள்.

“முதலாளி வெளிய போயிருக்காரு. இன்னா விஷயம்?”

பொன்னெழுத்துக் கார்டை நீட்டினான். ஈரக்கையோடு வாங்கியதில் பொன் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

பெயர் தெய்வநாயகி. பாண்டிச்சேரியில் படம் வரையப் படித்தவள். பிளானைத் துணியில் நகல் வரைவதும் பிரிண்ட் போடுவதும் அவள் வேலை. இதையெல்லாம் தெரிந்துகொள்ள அவனுக்கு இன்னும் மூன்று பயணங்கள் தேவைப்பட்டன. காசிலிங்கம் ஊரில் இல்லாத நாள்களாகப் பார்த்து அவன் வந்தது தற்செயல் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

“நீங்க வர்றப்பல்லாம் முதலாளி இருக்கறதில்ல… இல்ல அவரு இல்லாதப்ப பார்த்து வர்றீங்களா?”

“தொழில் விஷயமா வர்றேங்க.”

“தொழிலுக்கு இம்மாம் எண்ணெய் வேணுமா தலைக்கு?”

அவன் குருவிக்கூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவள் சிரித்தாள்… சிரித்தபோது அந்தச் சிவந்த கண்களில் ஏதோ ஒன்று மழை பார்த்த நிலம் மாதிரி இளகியது. அவன் பஸ்ஸைத் தவறவிட்டான்.

இன்னொரு நாள் அவளே கேட்டாள். “உங்க மெஷினு வந்தா என் வேலை போயிடும்ல?”

“சேச்சே… நீங்கதாங்க அதை ஓட்டப்போறீங்க.”

“முதலாளிக்கு மச்சான் ஒருத்தன் சும்மா கெடக்கறான். அவன் ஓட்டுவான். எங்கப்பா முப்பது வருசம் உப்பு வாரினாரு சார். அந்த வெள்ளையப் பார்த்துப் பார்த்து இப்ப ஒண்ணும் தெரியல. எதிர்ல நான் நின்னாக்கூட, ‘யாரும்மா அது’ன்னு கேக்கறாரு. வீட்ல ரெண்டு பேருக்கும் சோறு இந்தக் கையிலதான் இருக்குது.”

 மெஷினின் பதினாறு சிறப்புகளை அவன் மனப்பாடமாகச் சொல்வான். இதற்குப் பதில் அந்தப் பதினாறில் இல்லை.

பேச்சை மாற்ற அவன் ஒரு பிளானைக் காட்டி, “இது என்னங்க?” என்றான்.

“உப்பளத்துல வேலை செய்ற பொம்பளைங்க வெயிலுக்கு ஒதுங்கறதுக்குக் கூடம். உப்பளக்காரங்க சங்கத்துல கட்டறாங்க. இந்த மூலைல சின்னதா ரெண்டு ரூமு இருக்குதில்ல, கக்கூஸு… முதல்ல பிளான்ல இது இல்ல. நான்தான் சங்கத் தலைவர்கிட்ட கெஞ்சிப் போட வச்சேன்.” பிளானில் அந்த மூலையை விரலால் நீவினாள். “எங்கம்மாவை வேலிகாத்தான் முள்ளுப் பொதருலதான் பாம்பு கடிச்சிது. விடியறதுக்கு முன்ன ஒதுங்கப் போனாங்க. அங்கயே கெடந்தாங்க.”

சுவருக்கு அப்பால், கந்தல் சுற்றிய கால்களோடு பெண்கள் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது தட்சணாமூர்த்தி மெஷினோடு வந்து இறங்கினான். இந்தத் தரம் காசிலிங்கம் இருந்தார். சங்கத் தலைவரும் மேஸ்திரி குப்புசாமியும் இருந்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டே நுழைந்தான். உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

கூடத்துக்குப் போன வாரம் திறப்பு விழா முடிந்திருந்தது. மாலை, சோடா, கல்வெட்டு, எல்லாம் சிறப்பாக நடந்தன. தலைவர் ‘தாய்க்குலத்தின் மானம் காத்த மாளிகை’ என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் உட்கார்ந்த பிறகு ஒரு கிழவி எழுந்து, “எல்லாம் சரிங்க சாமி, கக்கூஸு எங்க?” என்று கேட்டுவிட்டாள்.

“ஏம்பா மேஸ்திரி, எங்க அது?” என்றார் காசிலிங்கம், பத்தாவது தடவையாக.

“எனக்குக் குடுத்த பிரிண்ட்டுல இல்லைங்க. அந்த மூலை வெள்ளையா இருந்துச்சி. வெறும் எடம்னு விட்டுட்டேன்.”

காசிலிங்கத்தின் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பிரிண்ட்டெல்லாம் கட்டடத்தைக் கண்ணால் பார்க்காத பெரிய மனிதர்களுக்குப் போகும். கெட்டுப்போனது எதுவோ அது கட்டுகிறவனுக்கு.

“வெள்ளை விழுந்துட்டுதுன்னு அன்னைக்கே சொன்னேங்க” என்றாள் தெய்வநாயகி, கதவோரம் நின்றபடி. “காயிதம் தீந்துபோச்சி, வாங்கித் தாங்க, வேற போடறேன்னேன். ‘மேஸ்திரிக்கு இது போதும்’னு நீங்கதான்…”

“எதிர்த்துப் பேசாதம்மா. வெள்ளை எப்படி விழுந்துச்சி? அதச் சொல்லு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தட்சணாமூர்த்தி ஒரு வருஷமாகக் காத்திருந்த தருணம் இதுதான். அவன் மெஷினை ஓட்டிக் காட்டினான். ஜன்னல் சாத்திய அறையில் அமோனியா நெடி பரவியது. தலைவர் அழுதார், காசிலிங்கம் அழுதார், மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மெஷின் ஒரு பிரிண்ட்டைச் சுத்தமாகக் கக்கியது. அதை ஒரு கையிலும், மேஸ்திரியின் கசங்கிய நீலத்தாளை மறு கையிலும் தூக்கிப் பிடித்து அவன் முழங்கினான். “பாருங்க சார்… கையால செய்ற வேலைல வர்ற கோளாறு இது. என்ன கறை, எப்படி வந்துச்சின்னு யாருக்கும் தெரியாது. எங்க மெஷின்ல இந்தப் பேச்சுக்கே எடமில்ல.”

“தெய்வநாயகி, நாளையிலேருந்து நீ வர வேணாம்” என்றார் காசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தம்பி, மெஷினு இங்கயே இருக்கட்டும். ஆர்டர் பாரம் வச்சிருக்கியா?”

அவன் நீலத்தாளை மேஜைமேல் விரித்து நீவினான். அப்போதுதான் அந்த வெள்ளையை ஒழுங்காகப் பார்த்தான்.

அது கறை அல்ல. ஓர் உருவம். இரண்டு பக்கமும் காதுகள் விடைத்திருந்தன. உச்சியில் ஒரு கூடு எழும்பி, முன்னால் கொக்கிபோல வளைந்திருந்தது.

மெல்ல நிமிர்ந்தான். தெய்வநாயகி அவனுடைய தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்… ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காதல் வீரனாக அவன் உடனே உண்மையை உரைத்தான் என்று எழுதத்தான் ஆசை. அவன் ஆர்டர் பாரத்தை எடுத்து நீட்டினான். மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினான். ஊதி உலர்த்திப் பையில் வைத்தான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

வாசலில் அவள் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஏங்க… அழறீங்களா?”

“அமோனியா” என்றாள். “உங்க மெஷினு நல்லா வேலை செய்யுதுங்க சார்.”

அந்த ‘சார்’ அவனை அறைந்தது. ரோடு வரைக்கும் போனான். நின்றான். பஸ் வந்தது, அவனை ஏற்றாமலே போனது. அவன் திரும்பி நடந்து, வாசலில் நின்ற அவளைத் தாண்டி, ஆபீசுக்குள் நுழைந்தான்.

“சார்… இது என் தலை.”

“எது?”

“இந்த வெள்ளை. மாசி மாசம் வந்தப்ப பிரேமுக்கு எதிர்ல நின்னுட்டேன். நாலு நிமிஷம். அவங்களைப் பார்த்துக்கினே நின்னேன். அவங்க மேல தப்பில்ல.”

யாரும் நம்பவில்லை. மேஸ்திரி குப்புசாமிதான் எழுந்து வந்தார். தாளைச் சுவரில் பிடித்து, அவனை அதன் முன்னால் நிறுத்தி, தூண் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஆமாங்க, காது பொருந்துது” என்றார்.

காசிலிங்கம் அவன் பையிலிருந்து பாரத்தைப் பிடுங்கிக் கிழித்தார். “பொண்ணைப் பார்த்துக்கினு நின்னு என் பிளானைக் கெடுத்தவன் மெஷினு விக்க வந்துட்டான். எடுத்துக்கினு போய்யா அதை.” மெஷின் இல்லையென்றால் ஆள் வேண்டும். வாசலைப் பார்த்துக் கத்தினார், “ஏம்மா, காலைல நேரத்துக்கு வந்து சேரு.”

“அப்ப கக்கூஸு?” என்று மேஸ்திரி கேட்டார்.

தலைவர் யோசித்தார். “என் வீட்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கற பிளான்ல இருக்குதுப்பா. சுத்தமா இருக்குது” என்றார்.

மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தபோது மழை வந்தது. காற்றில் சாய்ந்து சாய்ந்து, வெள்ளித் தந்திகளாய்… காதலர்களுக்கென்றே பெய்வது போன்ற மழை. ரோட்டுக்கு அப்பால் பெண்கள் உப்பை மூட ஓலைக் கீற்றுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று காலை வாரிக் குவித்த உப்பு அவர்கள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. புதுக் கூடத்தில் ஒருத்தியும் ஒதுங்கவில்லை.

தெய்வநாயகி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து, ஒரு முழம் தள்ளி நின்றாள்.

“வேலை போயிடும்ல உங்களுக்கு?”

“போயிடும்.”

“ஏன் சொன்னீங்க?”

அவன் மழையைப் பார்த்துச் சொன்னான். “நீங்க சொல்லாம இருந்தீங்களே… அதைத் தாங்க முடியல. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. மாசியிலேருந்து. இப்ப குடுக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல, கார்டுகூடச் செல்லாது… ஏன் அன்னைக்கே என் பேரைச் சொல்லல நீங்க?”

“இன்னான்னு சொல்றது? ஒரு ஆளு நாலு நிமிஷம் என்னைப் பார்த்துக்கினு நின்னாருன்னா… நீ ஏன் விட்டேன்னு கேப்பாங்க.”

“நீங்கதான் பார்க்கவே இல்லையே… தலை குனிஞ்சில்ல இருந்தீங்க?”

 மழை குருவிக்கூட்டைப் பிரித்து அவன் நெற்றியில் வழியவிட்டது. கூரையில்லாத அந்தப் பஸ் ஸ்டாப்பில் அவன் முதன்முறையாகப் பார்க்கும்படி இருந்தான்.

“ரெண்டாவது நிமிஷமே பார்த்துட்டேன்” என்றாள். குரல் உடைந்திருந்தது. “நெழலு அந்த மூலைல விழறதும் தெரிஞ்சிது. எங்கம்மாவுக்காகப் போட்ட மூலை. தள்ளி நில்லுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன்… இன்னும் கொஞ்சம் நிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

அவன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். இந்தத் தரம் அவள் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அவள் கண்களில் நீர் இருந்தது. அமோனியா மெஷினுக்குள் மூடியே இருந்தது.

ஆவணியில் அவர்களுக்குப் பிரம்மதேசம் கோயிலில் கல்யாணம் நடந்தது. தட்சணாமூர்த்திக்குத் திண்டிவனத்தில் பென்சிலும் ரப்பரும் விற்கும் கடையில் வேலை கிடைத்தது. சங்கத் தலைவர் கல்யாணத்துக்கு வந்து, கூடத்தின் பிளானைச் சட்டம் போட்டுப் பரிசளித்தார். கூடத்துக்குக் கக்கூஸ் கட்டவில்லை.