இடம் வலம் மாறிய வீடு

“ஹலோ… அது என்னோடது!”

கறுப்பு பிளாஸ்டிக் குழாயை மார்போடு அணைத்தபடி அவள் திரும்பினாள். கட்டட வரைபடங்களை அச்செடுத்துத் தரும் சின்னக் கடை அது. திடீர் மழைக்கு ஒதுங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. சட்டைக் கையில் நீல பெயின்ட் தீற்றல்.

“எது உங்களோடது?”

“இப்ப நீங்க கட்டிப் பிடிச்சிருக்கீங்களே… அது.”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

“இதுல உங்க பேர் எழுதியிருக்கா?”

“இல்ல. இதுலயும் இல்ல.” தன் கையிலிருந்த அதே மாதிரிக் குழாயைக் காட்டினான். “கடைக்காரர் ரெண்டையும் ஒண்ணா வச்சாரு. மாறியிருக்கலாம்னுதான் சொன்னேன். சண்டைக்கு வரல.”

“மாறல. என் பொருள் எனக்குத் தெரியும்.”

“திறந்து பார்த்துடலாமே?”

“இந்தச் சாரல்லயா? தாள் நனைஞ்சா நீங்களா மறுபடி வரைஞ்சு தருவீங்க?”

“வரைவேனே… நல்லாவே வரைவேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பல நாள் தூங்காதவனின் கண்கள்… ஆனாலும் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போனது. ரசீதின் பின்பக்கம் தொலைபேசி எண்ணை எழுதி நீட்டினான்.

“மாறியிருந்தா கூப்பிடுங்க. மாறலைன்னா… சும்மாவாவது கூப்பிடுங்க.”

அவள் முறைத்தாள். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

மாறித்தான் இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் தாளை விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வேலை பார்ப்பது வீடுகளுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில். எத்தனையோ வீடுகளைக் கோடுகளாகப் பார்த்தவள். ஆனால் இந்த வீடு… இதை அவளுக்குத் தெரியும். கூடம், வளைந்து ஏறும் மாடிப்படி, நீள ஜன்னல். போன வருஷம் வந்த ஒரு சினிமாவில் வரும் வீடு!

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றாள் அக்கா.

“அக்கா… நான் கிண்டல் பண்ணேனே, ஒரு படத்து வீடு…”

அக்காவுக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும். ‘அளவுகோல்’ என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதுவது தங்கைதான் என்று. சினிமா வீடுகளில் எந்தக் கதவு எங்கே இடம் மாறியது, எந்த ஜன்னல் காணாமல் போனது என்று படம் போட்டு விளக்குவாள். இந்த வீட்டைப் பற்றி அவள் எழுதியது ஊரெல்லாம் சுற்றியது. ‘காலையில் சமையலறை கூடத்துக்கு இடப்பக்கம், சாயங்காலம் வலப்பக்கம். அந்த அம்மா காபி போட எந்தப் பக்கம்தான் போவார்? கலை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாரா?’

இப்போது அந்தக் கலை இயக்குநரின் தாள் அவள் முன்னால் கிடந்தது. அதில் சமையலறை இடப்பக்கம். இடப்பக்கம் மட்டுமே. ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்துகள்: ‘அப்பா உட்காரும் இடத்திலிருந்து வாசல் தெரிய வேண்டும். மகள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.’

கண்ணை மூடிக்கொண்டு கட்டியவன் எழுதுவதா இது?

படத்தை மறுபடி ஓடவிட்டாள். சாயங்காலக் காட்சியை நிறுத்தினாள். அப்பாவின் சட்டைப் பை… வலப்பக்கம்! முந்தின காட்சியில் இடப்பக்கம். அதே சட்டை.

“திருப்பிப் போட்டிருக்காங்க அக்கா. எடிட்டிங்ல, கண்ணாடியில தெரியற மாதிரி அந்த நாலு ஷாட்டையும் திருப்பியிருக்காங்க. வீட்ல தப்பே இல்ல…”

“அப்ப தப்பு யார்கிட்ட?”

அவள் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்தாள்.

மறுநாள் மதியம் ரசீதிலிருந்த எண்ணில் கூப்பிட்டு இடம் கேட்டு, குழாயை மாற்றிக்கொள்ள அவனுடைய பட்டறைக்குப் போனாள். மர வாசனை. சுவர் முழுக்க அட்டையில் செய்த குட்டிக் குட்டி வீடுகள். ஒரு துணிக்கடை அலமாரிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தான்.

“மாறலைன்னு சொன்னீங்க?” என்றான் குறும்பாக.

“ஒரு மனுஷி தப்பே பண்ணக் கூடாதா?”

“தாராளமா பண்ணலாம். அதனாலதானே வந்திருக்கீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“நீங்க… சினிமாவுலயா?”

“இருந்தேன். ஒரு படம் பண்ணேன். அதுல வீடு இடம் மாறுதுன்னு அளவுகோல்னு ஒருத்தர் எழுதினார். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த படத்துக்கு முன்பணமெல்லாம் பேசி முடிச்சிருந்தாங்க… கூப்பிடவே இல்ல. இப்ப ஒரு புது டைரக்டர்கிட்ட காட்டத்தான் பழசையெல்லாம் பிரின்ட் எடுத்தேன்.”

“அந்த அளவுகோல் மேல கோபமா?”

“எதுக்கு? அவர் கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதினார். அவ்ளோ கவனமா என் வீட்டைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.”

சொல்லிவிடு… சொல்லித் தொலை… என்றது மனசு. அவளோ சுவரிலிருந்த அட்டை வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ஒரு அட்டை வீட்டை அவள் கையில் வைத்தான். அவள் விரல் பட்டதும் அவன் கையை எடுத்துக்கொண்ட விதம்… எடுக்க மனமில்லாமல் எடுத்த விதம்…

ஒரு மணி நேரம் என்று நினைத்துப் போனவள் மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பினாள். அதன்பின் பத்து நாளில் நான்கு முறை போனாள். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று போய், வேறு எதையோ பேசிவிட்டு வந்தாள். சும்மா இருக்கவே முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு படுக்கையறைக்கு ஜன்னல் வைக்க மறந்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கினாள்.

“நேர்ல சொல்ல வாய் வரலைன்னா எழுதுடி. எழுதித்தானே கெடுத்தே?” என்றாள் அக்கா.

எழுதினாள். இணையத்தில், ‘அளவுகோல்’ பெயரிலேயே. ‘நான் தவறு செய்தேன். அந்த வீட்டின் வரைபடத்தை இப்போதுதான் பார்த்தேன். வீடு சரியாகத்தான் கட்டப்பட்டது. பிழை படத்தொகுப்பில்.’ சட்டைப் பையை வட்டமிட்டுக் காட்டினாள். மனசு லேசானது போல இருந்தது… ஒரே ஒரு ராத்திரிக்கு.

மறுநாள் பட்டறையில் அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அளவுகோல் எழுதினதைப் படிச்சேன். நான் பிரின்ட் எடுத்த அந்தத் தாளைப் பார்த்தது ரெண்டே பேர். ஒண்ணு நான்.”

“நான்தான் அளவுகோல். மன்னிச்சிடுங்க. உங்க மேல விழுந்த பழியை எடுக்கணும்னு…”

“எடுத்து யார் மேல போட்டீங்க தெரியுமா? அந்த எடிட்டர் என் தம்பி!”

அவன் இப்போதுதான் நிமிர்ந்தான்.

“அவனுக்கு அது முதல் படம். ரெண்டு பேர் எதிரெதிரா பேசற சீன்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கற மாதிரி இல்லைன்னு இடம் வலமா திருப்பிட்டான். தியேட்டர்ல பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுது. வாயைத் திறக்கல. எனக்குக் கையில வேற வேலை இருக்கு… அவனுக்கு அது ஒண்ணுதான். எட்டு மாசமா பொத்தி வச்சதை நீங்க ஒரே நாள்ல…” குரல் உடைந்தது. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பத்து நாளா எதிர்ல உட்கார்ந்து பேசினீங்களே…”

அவளிடம் இருந்த ஒரே பதில் கோழைத்தனம் என்பதுதான்.

அடுத்த ஆறு நாட்கள் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. எழுதியதை அழிக்கலாம் என்று எடுத்தாள். அழித்தால் மறுபடி அவன்தான் குற்றவாளி. வைத்தால் தம்பி. எழுந்தாள், உட்கார்ந்தாள், தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். அக்கா பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாள்.

ஏழாம் நாள் அலுவலக வாசலில் ஓர் ஒல்லியான இளைஞன் நின்றான். அவனுக்கும் அதே கண்கள்.

“நீங்கதானே அளவுகோல்? அந்த ஷாட்டைத் திருப்பினவன் நான்.”

“தம்பி… நான்…”

“நன்றி சொல்ல வந்தேன் அக்கா. அண்ணன் எனக்காகத்தான் வாயை மூடிட்டு இருக்கார்னு தெரியும். தெரிஞ்சும் நானும் மூடிட்டு இருந்தேன். எட்டு மாசமா அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியல. அந்தப் படத்து டைரக்டர்கிட்டதான் இப்பவும் வேலை பார்க்கறேன். நேத்து அவர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். நல்லா டோஸ் விட்டார். ஆனா வேலையை விட்டுத் தூக்கல. அண்ணனுக்கு அவரே போன் பண்ணி வருத்தம் தெரிவிச்சார்.”

“உங்க அண்ணன் என்ன சொன்னார்?”

“என்னை ஒரு அறை விட்டார். அப்புறம் கட்டிப் பிடிச்சு அழுதார். இப்ப பட்டறையில ஒரே பலகையை நாலாவது தடவையா அளந்துட்டு இருக்கார். போய்ப் பாருங்க… எங்க வீட்ல யாராலயும் தாங்க முடியல.”

அவள் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். வானம் கறுத்துக் கிடந்தது. பட்டறைக்குள் நுழைந்ததும் பெரிய பெரிய துளிகள் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தன.

“உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்,” என்றாள். “சொன்னா நீங்க பேச மாட்டீங்களோன்னு பயம். அந்த ஸ்டூல் எனக்கு இல்லாம போயிடுமோன்னு…”

அவன் பலகையைக் கீழே வைத்தான். “நானும் கத்தியிருக்கக் கூடாது. தம்பியைக் காப்பாத்தறேன்னு அவனைக் குற்ற உணர்ச்சியில புழுங்க விட்டவன் நான்.” ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். “ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தீங்க?”

“ஒன்பது.”

“தப்பு கண்டுபிடிக்க ஒன்பதா?”

“அதுக்கு ரெண்டு போதும்.” அவள் தரையைப் பார்த்தாள். “மிச்சம் ஏழு… அந்த வீட்டுக்குள்ள இருக்கணும் போல இருந்தது. கதை கூட ஞாபகமில்ல. யார் இதை யோசிச்சுக் கட்டினாங்கன்னு தோணிட்டே இருக்கும். அதுக்கப்புறமும் கிண்டலா எழுதினேன் பாருங்க… என்னை என்ன சொல்ல?”

அவனுடைய தூங்காத கண்கள் நனைந்திருந்தன.

இனிமேல் தள்ளிப்போட அவளால் முடியாது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதை மட்டும் நான் திருத்தி எழுத மாட்டேன்.”

மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் வந்து நின்றான். மரத்தூள் வாசனையும் அவன் மூச்சும்…

“எனக்கும்தான். கடையில குழாயைக் கட்டிப் பிடிச்சு முறைச்சீங்களே, அப்பவே. ஆனா ஒரே ஒரு திருத்தம் பண்ணணும்.”

“என்ன?”

“இந்த ‘நீங்க’, ‘உங்க’ எல்லாம் வேண்டாம்…”

அவள் நிமிர்ந்தாள்.

“நீ…” என்றாள். அதற்கு மேல் வெட்கம் விடவில்லை.