பின்பக்கம் பிடித்தவர்

தாவ் அண்ணன் வாயை மூடிக்கொண்டு வேலை செய்து பெய்-ஷான் பார்த்ததே இல்லை. கையில் ஸ்க்ரூவை எடுத்தாலே மாமியார் சண்டை, முதலாளியின் கஞ்சத்தனம் என்று ஆரம்பித்துவிடுவார். "நீ முன்னாடி முடுக்கு, நான் பின்னாடி போய்ப் பிடிச்சுக்கறேன்" என்று ரேக்குகளின் வரிசையைச் சுற்றிக்கொண்டு போனவர், இன்று அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சின்சூ நகரில், தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத சர்வர் அறை அது. ஏசியின் விடாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், மினுங்கும் விளக்குகள் தரையில் போடும் பச்சை நிழல்களும் சேர்ந்து அவளுக்கு என்னவோ போலிருந்தது. இந்த அறையில் ஏதோ இருக்கிறதென்று ஆபீஸில் மற்றவர்கள் இங்கே வரவே மறுத்துவிட்டார்கள். அண்ணன் இருக்கையில் எனக்கென்ன என்று இவள்தான் கிளம்பி வந்தாள். கேபிள் செருகக் கற்றுக்கொடுத்தவர். அவள் அப்பா செத்தபோது சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்றவர்.

குட்டிக் கம்ப்யூட்டரையும் கேபிள்களை இணைக்கும் ஹப்பையும் அருகருகே பொருத்திய இரும்புப் பெட்டியை ரேக்குக்குள் தள்ளினாள்.

"கொஞ்சம் தூக்குங்கண்ணா."

பெட்டி மெல்ல உயர்ந்து, துளைக்குத் துளை நேராக நின்றது. முடுக்கினாள். கேபிளைப் பின்னால் நீட்டினாள். பதமாக இழுத்து வாங்கப்பட்டது. ஹப்பில் விளக்கு எரிந்தது.

"என்னண்ணா, மௌன விரதமா?"

நிமிர்ந்து பார்த்தாள்.

ரேக்கின் மேல், மெஷின் சமர்த்தாக இருக்க எல்லா அறையிலும் வைக்கிற சோளப்பொரிப் பொட்டலம் இருந்தது. வந்ததும் அண்ணன் வைத்தது. பச்சைப் பொட்டலம்தான் ராசி என்பார்கள்; இதுவும் பச்சைதான், தேதியும் தாண்டவில்லை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. நேராக வைக்கலாமென்று எடுத்தாள்.

பொரி சத்தம் கேட்கவில்லை. அடியைப் பிரித்து டேப் ஒட்டியிருந்தது. டேப்பைப் பிய்த்தாள்.

உள்ளே அவளுடைய ஹேர்பேண்ட். முடி சுற்றியபடியே. போன வாரம் ஆபீஸில் தொலைந்தது. மேஜைக்கடியில் குனிந்து குனிந்து அண்ணனும் கூடத் தேடினார்.

போன் அடித்தது. தாவ் அண்ணன். பின்னணியில் காற்றும் ஸ்கூட்டர் சத்தமும்.

"பெய்-ஷான்... நான் வெளிய இருக்கேம்மா. பின்கதவு வழியா வந்துட்டேன்."

"விளையாடாதீங்க. அப்ப இங்க பிடிச்சிட்டிருக்கறது யாரு?"

"அது என்னைத்தான் கேட்டுச்சு. வேற ஆளைத் தரேன்னு சொல்லிட்டேன். எனக்குப் புள்ள இருக்கான்."

"எனக்கு நீங்கதானேண்ணா இருந்தீங்க?"

அவர் அழுவது கேட்டது. அந்த அழுகைதான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. பாவி, அழுதுகொண்டேதான் ஹேர்பேண்டைத் திருடினானா?

போன் வைக்கப்பட்டது.

கதவுக்கு ஓடினாள். கார்டை வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு.

ஏசி நின்றது.

அந்த அமைதியில் ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்தது. அவள் முடுக்கியது. இன்னொன்று. முன்பக்கமாக, மெல்ல, பெட்டி வெளியே நகர்ந்துவந்தது.

அது விட்ட இடத்தில் விரல்கள். நீளமாக. ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்தன.

ரேக்குக்குப் பின்னாலிருந்து தாவ் அண்ணனின் குரல், அதே குஷியோடு, மாமியார் கதையைத் தொடங்கியது.