ஓர் ஆள் கனம்

கலயம் மூழ்கவில்லை.

அடியில் ஓட்டை போட்டிருப்பதால் தண்ணீர் ஏறியதும் தானாக உள்ளே போய்விடும் என்று படகுக்காரன் சேது சொல்லியிருந்தான். அப்பாவின் அஸ்தி இருந்த அந்த மண்கலயத்தைத் தீபன் குனிந்து ஆற்றில் விட்டான். வடிகிற நீர் மாலையையும் வாழையிலையையும் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கலயம் மட்டும் நீரோட்டத்துக்கு எதிராக மெல்ல ஏறி, விமலா உட்கார்ந்திருந்த பக்கமாக வந்து படகின் பலகையை ஒருமுறை தொட்டது. முகத்தில் தெறித்த நீரைத் துடைத்துவிட்டு அவள் பார்த்தபோது அதைக் காணவில்லை.

"போயிருச்சும்மா," என்றான் தீபன்.

போனதை அவள் பார்க்கவில்லை. பார்க்கத்தான் வந்திருந்தாள். பொம்பளைங்க வேண்டாம் என்று கொழுந்தன் கணேஸ்வரன் எவ்வளவோ சொல்லியும், ஜெராம் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து விடியும் முன்பே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷம். பக்கவாதத்தில் பேச்சும் காலும் போய், முன்கூடத்து இரும்புக் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சன்னாசிக்கு மிச்சமிருந்தது இடது கையும் ஒரு கரண்டியும்தான். கட்டில் கம்பியில் மூன்று தட்டு தட்டுவார். அவள் எழுந்து போக வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் போக வேண்டும். இனி பத்தாங் காலியில் தங்கச்சி வீட்டு மாடியறை காத்திருக்கிறது. கரையேறினால் போதும்.

படகு திரும்பும்போதே மேற்கே கடல் கறுத்துவிட்டது.

"சுமத்ரா காத்துலா," என்றான் சேது. "காலையிலதான் வரும். வந்தா சும்மா போகாது."

கோல சிலாங்கூர் மலைமேல் இருந்த கலங்கரை விளக்கம் மழைக்குள் மறைந்தது. நீர் வடிந்து படகுத்துறையின் தூண்களைச் சுற்றிச் சேறு தெரிந்தது. இந்தக் காற்றில் படகை அங்கே அணைத்தால் தூணில் மோதிச் சிதறிவிடும். சேது துறைக்கு முப்பது அடி தள்ளி ஆற்றில் ஊன்றியிருந்த ஒரு கட்டையில் படகைக் கட்டினான். பின்னால் இழுத்து வந்த சம்பான் என்கிற சிறு தோணியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"என்னைத் தவிர ரெண்டு பேருதான் தாங்கும். அக்கா, நீங்களும் தம்பியும் மொதல்ல."

தீபன் இறங்கி உட்கார்ந்தான். விமலா நாற்பத்தைந்து கிலோ தேறமாட்டாள். அவள் பாதம் பட்டதும் சம்பான் ஒரேயடியாக அமுங்கி, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே கொட்டியது. சேது அவள் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினான்.

"ஏறுங்கக்கா! மேல ஏறுங்க!"

அவளுக்குப் பதிலாகக் கணேஸ்வரன் இறங்கினார். தொண்ணூறு கிலோ ஆள். சம்பான் லேசாக ஆடிவிட்டு நின்றது.

சேது அவரையும் பார்த்தான், விமலாவையும் பார்த்தான். "அஞ்சு நிமிஷம். எந்திரிக்காதீங்க," என்று அவளிடம் சொல்லிவிட்டுத் துறைப் பக்கம் துடுப்புப் போட்டான்.

"அண்ணி, பயப்படாதீங்க!" கணேஸ்வரனின் குரல் பாதியிலேயே காற்றில் போய்விட்டது.

மழை ஆற்றை அடித்துக்கொண்டு வந்தது. முதலில் சேற்று நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்த ஒரு குளிர்ந்த காற்று அவள் சேலைக்குள் புகுந்து முதுகுவரை ஏறியது, பிறகு அக்கரைக் கண்டல் காடு, துறை, துறையில் நின்ற மீன் கூடைகள் என்று ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்து, கடைசியில் கட்டையில் இறுகியும் தளர்ந்தும் முனகுகிற கயிற்றின் சத்தமும், படகின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயில் விழுகிற மழையின் சத்தமும், தன் மூச்சும் மட்டுமே அவளுக்கு மிஞ்சின.

அப்புறம் இன்னொன்று. அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழே.

டக். டக். டக்.

மிதந்து வந்த மரக்கட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். தேங்காய் மட்டை ஏதாவது சிக்கியிருக்கும். படகு அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். படகு நிதானமாக, அவளோடு கூடவே, அந்தப் பக்கம் சாய்ந்தது.

டக். டக். டக்.

திங்கட்கிழமை காலையிலும் இப்படித்தான் கேட்டது. அவள் அடுப்படியில் அப்போதுதான் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு கோப்பை, சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். தட்டல் வேகமானது. அவள் போகவில்லை. தாறுமாறானது. போகவில்லை. நின்றது. அவள் மிச்சத் தேநீரையும் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். அதன்பிறகுதான் முன்கூடத்துக்குப் போனாள்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லாரிடமும் சொன்னாள். தீபனிடமும்.

"நான் வந்திருப்பேங்க," என்றாள் இப்போது, பலகையைப் பார்த்து. "குடிச்சிட்டு வந்திருப்பேன். அவ்வளவுதான்."

தட்டல் நின்றது.

மழைக்குள்ளிருந்து சம்பான் வந்தது. சேது துடுப்பைக் குத்தி நிறுத்திக் கை நீட்டினான். அவள் காலை வைத்தாள். சம்பானின் முனை தண்ணீருக்குள் போனது. சேது ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தை விட்டுவிட்டு, அவள் காலுக்குக் கீழே, சம்பானுக்கும் படகுக்கும் நடுவில் இருந்த தண்ணீரைப் பார்த்தான்.

அவன் உதடு வெளுத்துப்போனது. அவளை மேலே தள்ளினான்.

"என்னா தம்பி? என்னா பார்த்தீங்க?"

அவன் கயிறு கட்டிய மிதவை வளையத்தை எடுத்து அவள் மடியில் எறிந்தான். "மாட்டிக்குங்க. கயிறு அசைஞ்சதும் குதிச்சிருங்க. நாங்க அங்கேருந்து இழுக்கிறோம்." கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு துறைக்குத் துடுப்புப் போட்டான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

படகு மேலும் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தது. கணுக்கால். முழங்கால். கட்டை வளைந்தது. கயிறு மூன்று முறை இழுபட்டது.

குதித்தாள்.

குளிர். சேறு. வாயெல்லாம் உப்பு.

கயிறு இழுத்தது. அவள் நகர்ந்தாள். நின்றாள். பின்னாலிருந்து எதுவும் அவளைப் பிடிக்கவில்லை. தொடவும் இல்லை. ஆனாலும் மூன்று ஆம்பளைகள் இழுத்தும் வளையம் ஒவ்வோர் அங்குலமாகத்தான் போனது.

"ஒரு ஆளு கனமா இது?" கணேஸ்வரன் கத்துவது கேட்டது. "இழுடா!"

இருபது அடி. பத்து. தூண். தூணில் சிப்பி. முழங்கை கிழிந்தது. வலிக்கவில்லை. இரும்பு ஏணி. வலது கை பிடித்துக்கொண்டது. இடது கையும். நெஞ்சை ஏணியோடு அழுத்தி, கன்னத்தைத் துருவில் பதித்து நின்றாள். கரை. கரைக்கு வந்துவிட்டாள்.

தலைக்கு மேலே தீபன் துறைப் பலகையில் குப்புறப் படுத்திருந்தான். மழை அடித்ததில் அவன் கண்கள் இறுக மூடியிருந்தன.

"பிடிச்சிட்டேம்மா! விட்டுறாதீங்க! சித்தப்பா, என்னை இழுங்க!"

கணேஸ்வரன் அவன் இடுப்பைக் கட்டி இழுத்தார்.

விமலா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் ஏணியில் இருந்தன.

கத்த வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் வந்தது.

அவள் தோளை உரசிக்கொண்டு, ஆற்றிலிருந்து மேலே போயிருந்தது ஒரு கை. சாம்பல் நிறம். ஒன்பது வருஷம் அவள் நகம் வெட்டிவிட்ட கை. தீபன் அதை இரண்டு கைகளாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றிக்கொண்டிருந்தான்.